ஓதச் சுவருக்கு ஒரு கிரினான் படம்

எனக்குத் தெரிந்த கிளாஸ்கோ வீடுகளில் பாதிக்குமேல், காபி வருவதற்குள் ஒரு கிரினான் படத்தைப் பார்த்தாக வேண்டும். வெள்ளையடித்த ஓட்டல், எதிரே சிவப்புப் பட்டை போட்ட குட்டையான கலங்கரை விளக்கம், நாலைந்து படகுகள், அத்தனையும் தலைகீழாகத் தெரிகிற அளவுக்கு அசையாத தண்ணீர். “போன கோடையில நான் எடுத்தது” என்பார் வீட்டுக்காரர், தண்ணீரையே அவர்தான் ஊற்றி நிரப்பிவிட்டு வந்ததுபோல. அடுத்த வீட்டிலும் அதே படம்தான். படகின் நிறம் மட்டும் மாறியிருக்கும். அந்த ஊரை மோசமாகப் படம் எடுக்க யாராலும் முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிய பேச்சு.

கிரினான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்கைல் வட்டாரத்தில், ஜூரா தீவு இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். ஊரைவிட ஊருக்கு வரும் கால்வாய்தான் பெரிது. ஆர்ட்ரிஷேக் என்ற இடத்தில் தொடங்கி, 14 கிலோமீட்டர் நடந்து, லாக் என்று சொல்லப்படும் 15 கதவுத் தொட்டிகளில் ஏறி இறங்கி, கிரினானில் ஒரு குளம்போல விரிந்து, கடைசிக் கதவைத் தாண்டிக் கடலைத் தொடுகிறது. இது இல்லாவிட்டால் கிளைட் ஆற்றிலிருந்து மேற்குத் தீவுகளுக்குப் போகும் படகு, கின்டைர் தீபகற்பத்தின் முழு நீளத்தையும் சுற்றிக்கொண்டு, முரட்டுக் கடலில் அடிபட்டுப் போக வேண்டும். ஆகவே இது ஒரு குறுக்கு வழி. குறுக்கு வழி என்றால் எனக்குப் பிறவியிலேயே பிரியம். இந்தக் கட்டுரையே அதனால் வந்த வினைதான்.

நான் கேமராவைத் தூக்கியதற்குக் காரணம் கலை அல்ல, ஓதம். எங்கள் முன்னறையில், கணப்புக்கு மேலே, ஒரு குளிர்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கியது. முதலில் உள்ளங்கை அகலம். நான் அதைப் பார்க்காதவன்போல் இருந்துவிட்டால் அதுவும் என்னை விட்டுவிடும் என்று இருந்தேன். வங்கியிலிருந்து வரும் கடிதங்களிடமும் இதே கொள்கைதான். அடுத்த மழைக்கு அது தோசையாக விரிந்தது. அதற்கடுத்த மழைக்கு அது என்ன வடிவம் என்று விருந்தாளிகள் ஊகிக்கத் தொடங்கினார்கள்.

கூரைக்காரர் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஏணியைக்கூட இறக்காமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, “த்சு, த்சு” என்று உச்சுக் கொட்டினார். ஒரு உச்சுக்கு எத்தனை நூறு பவுண்டு என்பது குடும்பஸ்தர்கள் எல்லோருக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: “அங்கே ஒரு படம் மாட்டிட்டா என்ன?”

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் இஞ்சு டேப்பை எடுத்துவந்தாள். “அகலம் மூணேகால் அடி. உயரம் ரெண்டடி. வலது மூலையில வால் மாதிரி ஒண்ணு கீழ இறங்குது பாருங்க, அதையும் சேத்து மூடணும். நெட்டைப் படம் எடுத்துட்டு வந்து நிக்காதீங்க.”

கடையில் சட்டம் போட்ட கிரினான் படம் கிடைக்காமல் இல்லை. அதன் விலைச்சீட்டைப் படித்த பிறகுதான் எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த கலைஞன் கண்விழித்தான். மற்றவர்கள் வெளிச்சம் பார்த்து, மேகம் பார்த்துப் படமெடுக்கக் கிளம்புவார்கள். நான் ஓதத்தின் நீள அகலத்தைச் சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

லோமண்ட் ஏரிக்கரையைப் பிடித்துப் போய், மலையேறி, ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்’ என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். ஓய்வெடுத்து நன்றியோடு இரு என்று அந்தக் காலத்தில் சாலை போட்ட சிப்பாய்கள் கல் நட்டுவிட்டுப் போன இடம். இப்போது பெருமழை பெய்தால் அங்கே மலைச்சரிவு பெயர்ந்து சாலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வலைகட்டி, பள்ளம் தோண்டி அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். “பாத்தியா, அரசாங்கத்தாலயே தண்ணியை நிறுத்த முடியல” என்று மனைவிக்குக் காட்டினேன். அவள் புளியோதரை டப்பாவைத் திறந்துகொண்டே, “அவங்க படம் மாட்டி மறைக்கலையே” என்றாள்.

கிரினானில் இறங்கியதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது படகுகள் அல்ல, மரங்கள். ஊருக்குப் பின்னாலுள்ள குன்றில் ஓக் மரக் காடு. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பாசி, கற்பாசி, பெரணி. மழையும் கடற்காற்றின் ஈரமும் சுத்தமான காற்றும் சேர்ந்தால்தான் இப்படி வளருமாம். அட்லாண்டிக் கரையின் மழைக்காடு என்று பாதுகாக்கிறார்கள். பூதக்கண்ணாடியோடு வந்து கற்பாசியை வகை பிரித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதே ஈரம், ஏறக்குறைய இதே பச்சை, என் முன்னறையில் வந்தால் மட்டும் உச்சுக் கொட்டுகிறார்கள்.

குளத்தருகே வந்தோம். படங்களில் பார்த்த அதே தண்ணீர், அதே அமைதி. பக்கத்தில் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டு, எவ்வளவு நிம்மதி என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. வீட்டு வரி கட்டுகிறவனுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றால் வேறு கவலை வரும். தண்ணீரின் இயல்பு போவது. அது போகாமல் இருக்கிறது என்றால், அடியில் களிமண்ணைப் பிசைந்து மெழுகியிருக்கிறார்கள், பக்கத்தில் கல் அடுக்கியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் மரக்கதவு போட்டுக் கதவின் இடுக்கில் பீறிடுவதைச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்லின் மேல் புல் முளைத்தால் பிடுங்க ஆள் வேண்டும். கதவு உளுத்தால் புதுக் கதவு வேண்டும். கலங்கரை விளக்கத்தின் சிவப்புப் பட்டைக்குப் பெயின்ட் வேண்டும். ஊரார் அழகென்று படமெடுத்துப் போவதெல்லாம் எனக்கு யாரோ ஒருவருடைய பழுதுபார்ப்புப் பில்லாகத் தெரிந்தது.

அந்தப் பில்லின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான ஆறுதல் கிடைத்தது.

கால்வாய் வெட்ட நாடாளுமன்றம் 1793-ல் அனுமதி கொடுத்தது. 1794-ல் மண்வெட்டி இறங்கியது. பொறியாளர் ஜான் ரென்னி. சாதாரண ஆள் அல்ல. பின்னாளில் லண்டனில் வாட்டர்லூ பாலம் கட்டியவர், செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்படும் பெருமை பெற்றவர். அப்பேர்ப்பட்டவரையும் இந்த 14 கிலோமீட்டர் படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒரு பக்கம் வெட்ட வெட்ட உடையாத பாறை. மறுபக்கம் மோய்ன் வோர் என்ற பெரும் சதுப்பு நிலம், கரை போட்டால் கரையையே விழுங்கும் சேறு. நிலக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். வேலையாட்கள், இதைவிட நல்ல ஊர்களில் வேலை இருக்கும்போது இந்த மழையில் யார் நனைவது என்று வர மறுத்தார்கள். மழை மட்டும் கூப்பிடாமலே தினமும் வேலைக்கு வந்தது. கையிலிருந்த பணம் கரைந்தது. அரசாங்கத்திடம் போய்க் கடன் வாங்கினார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு வருடம் தாமதமாக, 1801-ல், வேலை முடியாமலேயே திறப்பு விழா நடத்தினார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மனைவியைப் பார்த்தேன். எங்கள் புதுமனை புகுவிழாவும் குளியலறைக்குக் கதவு போடுவதற்கு முன்பேதான் நடந்தது. அன்று அவள் வீட்டார் முன்னால் நான் பட்ட அவமானத்துக்கு ஸ்காட்லாந்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

திறந்த பிறகாவது நிம்மதியா என்றால், 1805-ல் கரைகள் உடைந்து சில இடங்களில் பாதையையே மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற இன்னொரு பொறியாளரை அழைத்துக் காட்டினார்கள். அவரும் வந்து பார்த்து, அவர் யோசனைப்படி 1816, 1817-ல் லாக்குகளையும் பாலங்களையும் திருத்தினார்கள். ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் வந்து பார்க்கும்போது முதலில் என்ன சொல்லுவார் என்று வீடு கட்டிய எவருக்கும் தெரியும்: “யாருங்க இதைப் போட்டது?” டெல்ஃபோர்ட் அப்படிக் கேட்டாரா என்பதற்குப் பதிவில்லை. ஆனால் கேட்கிற யோக்கியதை அவருக்கும் குறைவுதான். அதே சமயத்தில் வடக்கே அவர் வெட்டிக்கொண்டிருந்த காலிடோனியக் கால்வாய் ஏழு வருடத்தில் முடியும் என்று சொல்லி 1803-ல் ஆரம்பித்தது, திறந்தது 1822-ல். செலவும் மதிப்பீட்டை வெகுதூரம் தாண்டியிருந்தது.

இதோடும் விடவில்லை. கால்வாயின் நடுப்பகுதி மேடு. இரண்டு பக்கமும் லாக் வழியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படகு போகும்போதும் மேட்டுத் தண்ணீர் கொஞ்சம் கீழே போய்விடும். அதை நிரப்பக் குன்றுகளின் மேல் நீர்த்தேக்கங்கள் கட்டி வைத்திருந்தார்கள். 1859-ல் அதில் ஒன்று உடைந்து, கல்லும் மண்ணுமாகக் கால்வாயில் இறங்கிக் கரைகளை அடித்துக்கொண்டு போனது. மேலேயிருந்து ஒழுகுவது என்பது எனக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல.

குளத்தைப் படமெடுக்க முனைந்தேன். முதல் சிக்கல், கலங்கரை விளக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் அது நெட்டுக்குத்தாகவே நின்றது. எனக்குத் தேவை மூணேகால் அடி அகலம். ஓட்டலையும் விளக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பின்னால் நகர்ந்தபோது மனைவி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பின்னால் கடல் லாக், அதன் அடியில் ஆளை விழுங்கும் ஆழம். இரண்டாவது சிக்கல், மிட்ஜ். கொசுவின் கொள்ளுப்பேரன் அளவில் ஒரு பூச்சி. காற்று நின்று தண்ணீர் கண்ணாடியாகும் அதே நொடியில் அவை கூட்டமாகக் கிளம்பும். கிரினானின் புகழ்பெற்ற அமைதியான பிரதிபலிப்புப் படங்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் தன் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறார் என்பதை அந்தப் படங்கள் காட்டுவதில்லை.

படங்களில் அடிக்கடி தலைகாட்டுவது ‘பஃபர்’ என்ற நிலக்கரி நீராவிப் படகு. தட்டையான அடிப்பகுதி, கறுப்பு உடல், பின்னால் ஒரு புகைக்குழாய். துறைமுகம் இல்லாத தீவுகளில், நீர் வற்றும் நேரத்தில் மணலிலேயே உட்கார்ந்து நிலக்கரியை இறக்கிவிட்டு, அடுத்த நீரேற்றத்தில் எழுந்து போய்விடும். 1943-ல் போர்க்காலத்தில் கட்டிய ‘விக் 32’ என்ற பஃபருக்குக் கிரினான்தான் நெடுங்காலம் வீடு. இந்தப் படகுகளைத் தமாஷாக்கி நிலைநிறுத்தியவர் நீல் மன்றோ. 1905 முதல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் பாரா ஹேண்டி என்ற படகோட்டியைப் பற்றி எழுதினார். பாரா ஹேண்டியின் ‘வைட்டல் ஸ்பார்க்’ ஓட்டைப் படகு; அவருக்கு மட்டும் அது கிளைட் நதியிலேயே ஒப்பற்ற கப்பல். பல வருடம் கழித்துத் தொலைக்காட்சிக்காரர்கள் அந்தக் கதைகளை எடுக்க இதே கிரினானுக்குத்தான் வந்தார்கள். “நம்ம வீட்டைப் பத்தி நீங்க ஊர்ல பேசற மாதிரியே பேசறார்” என்று மனைவி அந்த ஆளை ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

கடல் பக்கம் திரும்பினால் ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். ஜூராவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவே கோரிவ்ரெக்கன் என்ற பெருஞ்சுழல் இருக்கிறது. 1947-ல் ஜார்ஜ் ஆர்வெல் ‘1984’ நாவலை எழுதிக்கொண்டு ஜூராவில் தங்கியிருந்தபோது, குடும்பத்தோடு சின்னப் படகில் அந்தப் பக்கம் போய், மோட்டார் கழன்று கடலுக்குள் போய்விட, ஒரு பாறையில் ஏறி உயிர் பிழைத்தார். அவ்வழியே வந்த மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டு வந்தது. நீரோட்ட நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டாராம். உலகப்புகழ் பெற்றவர்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு கணக்குத் தவறுவதைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது. சுழல் இருக்கும் திசையை நோக்கி நிறையப் படங்கள் எடுத்தேன். எல்லாவற்றிலும் சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், நடுவே ஒரு சாம்பல் கோடு. வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருப்பதும் அதுதான்.

திரும்பும் வழியில் டனார்ட்ரியில் நிறுத்தினோம். அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக லாக்குகள். கடல் முனைகளில் இருப்பவை தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் கையால்தான் திறக்கிறார்கள். கதவின் மேல் நீண்டுகிடக்கும் கனத்த மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் கதவு திறக்கும். ஒரு படகு உள்ளே காத்திருந்தது. படகுக்காரம்மாள் கரையில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். பெண்மணி ஒருவர் நிற்கும்போது நான் சும்மா நிற்பதா? கேமராவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கட்டையில் முதுகைக் கொடுத்தேன்.

தள்ளினேன். செருப்பு வழுக்கியது. மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை, என் முதுகில் ஏதோ அசைந்தது. படகுக்காரம்மாள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணீர் இன்னும் சமமாகவில்லை” என்றார். இரண்டு கதவுகளும் உயரமான தண்ணீர் இருக்கும் பக்கம் பார்த்துக் கூம்பி நிற்பதால், அந்தத் தண்ணீரே அவற்றை ஒன்றோடொன்று அழுத்திச் சாத்திவைத்திருக்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும்வரை நான் அல்ல, நான் வணங்கும் ஆஞ்சநேயரே வந்தாலும் யோசிக்க வேண்டியதுதான். மட்டம் சமமானதும் அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைக்காமலேயே கட்டையில் சாய்ந்தார். கதவு திறந்துகொண்டது.

விக்டோரியா மகாராணிகூட இங்கே பொறுமை இழந்தவர்தான். 1847-ல் அலங்கரித்த படகில் இந்தக் கால்வாய் வழியே போனார். சிவப்புச் சீருடைக்காரர்கள் ஏறிய குதிரைகள் கரையிலிருந்து இழுத்தன. ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன பயணம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டது, லாக்குகளைத் தாண்டுவது அலுப்பாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சுற்றுலாக்காரர்கள் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, ராணி போன வழி என்று இதற்குப் பெயர் சூட்டி வரிசையாக வந்தார்கள். வழக்கமாக நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சையும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

பக்கத்தில் டுனாட் என்ற பாறைக்குன்று. ஆயிரத்து சொச்சம் வருடங்களுக்கு முன் தால் ரியாட்டா அரசர்களின் கோட்டை. உச்சியில் பாறையில் செதுக்கிய ஒரு பாதச்சுவடு. முடிசூட்டும்போது அரசன் அதில் காலை வைப்பான் என்கிறார்கள். அசலைக் காப்பாற்ற அதன்மேல் ஒரு நகலைப் பதித்து மூடியிருக்கிறார்கள். பழுதைப் படம்போட்டு மூடுவதற்குத் தொல்லியல் துறையே துணை நிற்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள், மனைவி செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்தாற்போலப் பொருந்தியது. வீட்டில் இதனால் புதிதாக எதுவும் மாறவில்லை. இருந்த நிலைமைக்கு ஒரு சாட்சி கிடைத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். குளத்தில் எடுத்தவற்றில் என் கட்டைவிரல் ஓட்டலுக்குக் காவல் நின்றது. ஒன்றில் கடற்புறா ஒன்று கலங்கரை விளக்கத்தை முழுசாக மறைத்திருந்தது. மூணேகால் அடிக்குப் பெரிதாக்கினாலும் பிசிறில்லாமல் நின்றது ஒரே ஒரு படம், மனைவி எடுத்தது: குறுக்காக நீண்ட மரக்கட்டை, பின்னால் பாசி பிடித்த லாக் சுவர், கோப்பையோடு ஒரு பெண்மணி, நடுவில் வாய் பிளந்து, கண் பிதுங்கி, அசையாத கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும் நான்.

“இதுல வால் வர்ற இடத்துல உங்க கால் வருது. கச்சிதமா மூடிடும்” என்றாள். அளவு சரியாக இருந்ததால் எனக்கு எதிர்வாதம் அகப்படவில்லை.

மாட்டியாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். பழைய காலத்துக் கால்வாய்த் தொழிலாளியா என்று ஒருவர் கேட்டார். சட்டை என்னுடையது என்பதை என் மகன் அடையாளம் சொல்லிவிட்டான். படத்தைப் பார்ப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. அந்த வகையில் திட்டம் வெற்றி. ஆனால் ஈரத்துக்குக் கலை தெரியாது. சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலே அது தலை தூக்கியபோது, மனைவி எனக்குச் சொல்லாமல் கூரைக்காரரைத் திரும்ப அழைத்துவிட்டாள்.

இம்முறை அவர் ஏணியைப் போட்டு ஏறினார். இறங்கி வந்து, எங்கள் கூரையில் இருக்கும் ஸ்லேட்டுக் கற்கள் மேற்குக் கரையிலிருந்து வந்தவை, நல்ல கல், பிடித்திருக்கும் ஆணிகள்தான் துருப்பிடித்து ஒவ்வொன்றாக நழுவுகின்றன என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரினானுக்கு வடக்கே ஈஸ்டேல் தீவுகளில் ஒரு காலத்தில் ஸ்லேட் வெட்டுவதுதான் தொழில். அந்தக் கற்கள் இந்தக் கால்வாய் வழியாகவே கிளாஸ்கோ வந்திருக்கக்கூடும். அப்படியானால் நான் தள்ளித் திறக்க முடியாத அதே கதவைத் திறந்துகொண்டுதான் என் ஒழுகல் உள்ளே வந்திருக்கிறது.

அதை அவரிடம் சொல்லப் போனேன். அவர் அதற்குள் படத்தின் முன்னால் நின்று, கோப்பை அம்மாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு முறை மட்டும் உச்சுக் கொட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் தொகையை எழுதி நீட்டினார். படித்தேன். உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

“இது ரென்னி போட்ட மதிப்பீடு மாதிரிதானா? வேலை முடியும்போது வேற தொகையா?” என்று கேட்டேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “ரென்னியா? இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கூரைக்காரரை எனக்குத் தெரியாதே” என்றார். “என்னைவிடக் குறைவாகச் சொன்னாரென்றால் அவரையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.”